மே தினமும் அன்றைய கூலியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா பெரம்பூர் பி அண்டு சி மில்லில் வேலை பார்த்தவர். இன்று என் மகன் மணலியில் ஒரு கிடங்கில் காண்ட்ராக்ட் தொழிலாளி. மே 1 அன்று போகாவிட்டால் கூலி இல்லை. போனாலும் வழக்கமான கூலிதான். இந்த விடுமுறை யாருக்கு?

வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகனுக்கும்தான் என்பதே என் உறுதியான எண்ணம். தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி மே 1 சம்பளத்தோடு கூடிய விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளமோ, அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறையோ தந்தாக வேண்டும்.

1923 மே 1 அன்று தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள் நடத்தினார். இந்தியாவில் மே தினம் முதலில் கொண்டாடப்பட்டது அன்றுதான். மே தினத்தை விடுமுறையாக்க வேண்டும் என்பதே அங்கு எழுந்த கோரிக்கைகளில் ஒன்று. அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1918இல், உங்கள் அப்பாவின் மில் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியிருந்தது. அந்தக் கோரிக்கை நிரந்தரத் தொழிலாளிக்குக் கைகூடியது. இடையில் ஒரு காண்ட்ராக்டர் வந்து நின்றதும் அது உங்கள் மகனை எட்டாமல் போய்விட்டது.

சட்டமே எட்டாதவர்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், மே 1 அன்று விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஆட்கள் வலையைப் பழுது பார்த்துக்கொண்டும் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். மீன் பட்டால்தான் பங்கு என்று பிழைப்பவருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர யார் முதலாளி? இதற்கு இதுவரை யாரும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஆனாலும் இந்த நாளை வெறும் சடங்கென்று தள்ள எனக்கு மனமில்லை. 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் பேரவையில் நிறைவேறி, தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்த பிறகு, அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தது மே 1 அன்றுதான்.

உங்கள் மகன் அன்று வேலை பார்த்ததற்கான கேட் பதிவையும் கூலிச் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, கூட வேலை பார்க்கும் நாலைந்து பேரோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கட்டும். தனியாகப் போக வேண்டாம்; தனியாகப் போகிறவரை அடுத்த வாரமே வேலைக்கு வராதே என்று சொல்லிவிடுவார்கள்.