மாமா பேசி வைத்த சென்னை சீட்டும், யாரும் பேசாத காரைக்குடியும்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகளுக்குப் பொறியியல் கட்-ஆஃப் 184. சென்னையில் இருக்கும் மைத்துனர், அங்கே ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டாராம். "சின்ன ஊரில் போட்டால் பிள்ளை நாலு விஷயம் தெரியாமல் கிணற்றுத் தவளையாகிவிடும்" என்று தினமும் போன். மகளுக்கோ வேதியியல்தான் உயிர். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

முதலில் அந்தச் சென்னைக் கல்லூரி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். சென்னைக் கல்லூரி என்று சொல்லப்படுபவற்றில் பல செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கின்றன. மாமா வீட்டில் தங்கினால் விடியற்காலையில் கல்லூரிப் பேருந்து, இருட்டிய பிறகு வீடு. விடுதியில் சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அனுமதிக் கடிதம். மைத்துனர் சொல்கிற நாலு விஷயத்தை அந்தப் பெண் எப்போது தெரிந்துகொள்வாள்? அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இடம் கிடைத்தால் சரி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள். அப்படி இல்லாமல் ஊர்ப் பெயருக்காக மட்டும் நான்கு வருடம் பணம் கட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரியின் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியைச் சுரண்டி எடுத்து, இது ஏன் வருகிறது என்று மகள் ஆசிரியரிடம் கேட்டாள் என்று. மார்க் பட்டியலைவிட அந்த வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஏனென்றால் அந்தக் கேள்விக்கே ஒரு படிப்பு இருக்கிறது. அதுவும் உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரத் தூரத்தில்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சுருக்கமாக சிக்ரி. 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் அழகப்ப செட்டியார் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஆராய்ச்சி நிலையம் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அங்கே கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் என்று நான்கு வருட பி.டெக். நடப்பது பல பெற்றோருக்குத் தெரியாது. பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. வகுப்பில் இருப்பது சில பத்துப் பேர்தான். பாடம் எடுப்பவர்களில் அங்கேயே ஆய்வு செய்யும் விஞ்ஞானிகள் உண்டு. லித்தியம் அயனி பேட்டரி பற்றி வகுப்பில் கேட்டுவிட்டு, அதைச் செய்து பார்க்கிறவர்கள் இருக்கும் வளாகத்திலேயே நடமாடலாம்.

உலோக அரிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பன் பாலம் நிற்கிற இடம், இரும்பை உப்புக் காற்று மிக வேகமாகத் தின்கிற இடங்களில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் மண்டபத்தில் சிக்ரிக்கு ஒரு சோதனை மையம் இருக்கிறது. பூச்சு பூசிய உலோகத் தகடுகளைக் கடல் காற்றில் வைத்து, எது எவ்வளவு நாள் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் மகள் சுரண்டிய பொடியும் பாம்பனில் பிடிக்கிற துருவும் இந்த ஒரே துறைக்குள்தான் வரும்.

வேலை? ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் வந்துவிட்டன. பேட்டரி தெரிந்த ஆள் அங்கே வேண்டும். மேட்டூரிலும் சாகுபுரத்திலும் உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடா எடுக்கிறார்கள். அதுவும் இந்தப் படிப்புதான். முலாம் பூசுதல், ஹைட்ரஜன் தயாரிப்பு என்று இன்னும் இருக்கிறது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பெரிய கல்லூரிபோல ஐடி கம்பெனிகள் வளாகத்துக்கு வரிசை கட்டி வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இன்டர்ன்ஷிப்பை அவளே தேடிப் போக வேண்டும். எம்.டெக்., பிஎச்.டி. வரை படிக்க மனம் இருந்தால் இன்னும் நல்லது. சென்னைக்குப் போக வேண்டியிருந்தால் காரைக்குடியிலிருந்தே பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, விடியற்காலை ஏறினால் மதிய வாக்கில் எழும்பூர்.

இந்த இடம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. போன வருடங்களில் உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு எந்த கட்-ஆஃபில் முடிந்தது என்று கவுன்சலிங் தளத்தில் பாருங்கள். கிடைக்காவிட்டால் அதே ஊரில் 1952-இல் தொடங்கிய அரசுக் கல்லூரி, அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சாய்ஸ் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் முக்கியம். அந்த வரிசையை மகள் போடட்டும். மைத்துனர் போனில் சொல்லச் சொல்ல நீங்கள் போடாதீர்கள்.

பணத்தைப் பற்றிக் கடைசியாக. உங்கள் குடும்பத்தில் இவள்தான் முதல் பட்டதாரி என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கான கல்விக் கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு. மேனேஜ்மெண்ட் சீட் வாங்கிய அன்றே அது போய்விடும். அப்படியும் கடன் தேவைப்பட்டால் கல்விக் கடன் கேளுங்கள். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. மைத்துனரிடம் முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் இந்த வாரமே திரும்பக் கேளுங்கள். முதல் பட்டதாரி சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பித்துவிடுங்கள், கையில் வரச் சில நாள் ஆகும்.