ஜிடால் நிறுவ எட்டாயிரம் ரூபாயா?

கேள்வி: மதுரையில் எம்.எஸ்சி. படிக்கிறேன். வைகை அணை முதல் மதுரை வரை மழைநீர் ஓட்டத்தை லேண்ட்லேப் என்ற பைதான் நிரல் தொகுப்பை வைத்துக் கணக்கிட வேண்டும். வரைபடத் தரவைப் படிக்கும் ஜிடால் மென்பொருளை நிறுவும்போதே 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14.0 தேவை' என்று நின்றுவிடுகிறது. ப்ராஜெக்ட் சென்டரில் எட்டாயிரம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: சல்லிக்காசு கொடுக்காதீர்கள். பிப் (பைதானின் வழக்கமான நிறுவும் கருவி) வழியாகப் போட்டால் ஜிடாலை மூலநிரலிலிருந்து உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். அதனால்தான் இந்தப் பிழை. கம்பைல் செய்வதற்கான பல ஜிபி பில்ட் டூல்ஸை இறக்கினாலும், அடுத்து ஹெடர் கோப்பு இல்லை என்று நிற்கும்.

மினிஃபோர்ஜ் (பைதான் பேக்கேஜ்களை நிறுவித் தரும் கான்டா கருவியின் இலவசத் தொகுப்பு) இறக்குங்கள். நிறுவும்போது 'ஜஸ்ட் மீ' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அட்மின் பாஸ்வேர்டு வேண்டாம். லேப் பொறுப்பாளர் பின்னால் அலைய வேண்டியதில்லை. (மாடலிங்குக்குத் தனித் தாள் வைக்கிறார்கள், மென்பொருள் நிறுவ ஒரு வகுப்பு வைக்க மாட்டார்கள்.) அதோடு வரும் பேஸ் சூழலைத் தொடாமல் புதுச் சூழல் (பேக்கேஜ்களுக்கான தனி இடம்) ஒன்று உருவாக்கி, பைதான் 3.11, ஜிடால், ரேஸ்டரியோ (கட்டக் கட்டமான தரவைப் பைதானில் படிப்பது), லேண்ட்லேப் நான்கையும் ஒரே கட்டளையில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் பதிப்புகள் முட்டிக்கொள்ளும். பிறகு அதே சூழலுக்குள் பிப் வழியாக ஜிடாலை மறுபடி போடாதீர்கள்.

சென்டர்காரர்கள் செய்வது என்ன? வேறு கணினியின் கான்டா ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் கொண்டுவந்து ஒட்டுவார்கள். அதற்குள் பழைய கணினியின் பாதை எழுதப்பட்டிருக்கும். இன்று ஓடினாலும் அடுத்த பேக்கேஜ் போடும்போது உடையும். அப்போது 'சர்வீஸ் சார்ஜ்'. எஸ்.ஆர்.டி.எம். என்ற, விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த உயரத் தரவுக்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரரில் கணக்குத் தொடங்கினால் அது இலவசம்.

தரவில்தான் உங்கள் பகுதிக்கென்று ஒரு சிக்கல். மதுரைக்கு யு.டி.எம். (உலகை 6 டிகிரி பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மண்டலம் 44 என்பார்கள். நகரத்துக்குச் சரி. ஆனால் மண்டல எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை. சோழவந்தானும் வைகை அணையும் அதற்கு மேற்கே, மண்டலம் 43-இல். 10 டிகிரி அட்சரேகையும் அங்கேயே குறுக்கிடுவதால் நான்கு டைல்கள் (ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி தரவுத் துண்டுகள்) வேண்டும். முதலில் நான்கையும் ஒட்டுங்கள். பிறகு மொத்தத்தையும் மண்டலம் 43-க்கு, அதாவது அதன் குறியீடான இ.பி.எஸ்.ஜி. 32643-க்கு மாற்றுங்கள். பாதியை 43-இலும் பாதியை 44-இலும் வைத்தால் ஆறு எல்லையில் அறுந்துவிடும். மதுரைப் பக்கம் வரும் பிசகு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுதான்; 30 மீட்டர் கட்டத்தில் அது தெரியாது. மாற்றும்போதே கட்ட அளவை 30க்கு 30 என்று கொடுத்துவிடுங்கள். டிகிரியிலேயே விட்டால் உயரம் மீட்டரில், தூரம் டிகிரியில். சரிவு தாறுமாறாக வரும்.

ஓட்டும் முன் மிகக் குறைந்த உயரத்தைப் பாருங்கள். எஸ்.ஆர்.டி.எம். தரவு இல்லாத இடத்தை, கோப்பு வகையைப் பொறுத்து, -32767 அல்லது -32768 என்று குறிக்கும். லேண்ட்லேப் வழக்கமாக எதிர்பார்ப்பது -9999. மாற்றாமல் விட்டால் அது 32 கிலோமீட்டர் ஆழப் பள்ளம். வைகைத் தண்ணீர் மொத்தமும் அங்கே போய் விழும்.