கேளுங்கள், சொல்கிறோம்: கரன்ட் ஸ்கூட்டர் வாங்கலாமா?

கேள்வி: "கரன்ட் ஸ்கூட்டருக்கு ஊற்றும் கரன்டே நிலக்கரியில்தானே வருகிறது, பிறகென்ன பிரயோசனம்?" என்று அண்ணா மறிக்கிறார். நான் தினமும் யாழ்ப்பாணம் டவுனுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். வாங்கலாமா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: வாங்குங்கள் தங்கச்சி. அண்ணா சொல்வதில் பாதி சரி, நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரியில்தான் வருகிறது. ஆனால் மலைநாட்டு நீர்மின்சாரமும் மன்னார்க் காற்றாலையும் கூரைச் சோலாரும் அதே கம்பியில்தான் சேருகின்றன. பெற்றோல் எஞ்சினோ எரிக்கிற எண்ணெயில் பெரும்பகுதியைச் சூடாகவே வீணாக்கும், ஓடி நிறுத்தியதும் சைலன்சரில் கால் பட்டவர்களுக்கு அது தெரியும். கரன்ட் மோட்டார் அப்படியில்லை. 2022இல் கியூஆர் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் பெற்றோல் வரிசையில் நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை, அந்த எண்ணெய் முழுக்கக் கப்பலில் டொலர் கொடுத்து வருவது.

அப்புறம், பற்றரியைப் பார்த்து வாங்குங்கள். ஈய அமில பற்றரி விலை குறைவு, ஆனால் பாரம், சீக்கிரம் இளைத்துவிடும். லிதியம் என்றால் நல்லது. உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். கூரையில் சோலார் இருந்தால் லீவு நாளில் பகலிலேயே சார்ஜ் போடுங்கள்.