ஒரு கோப்பு முறைமையின்மேல் இன்னொன்று: லினக்ஸ் கெர்னல் அடுக்குகள் பற்றிக் கேள்வி பதில்

லினக்ஸ் கெர்னலில் (இயக்கமுறைமையின் கருப்பகுதி) அடுக்குக் கோப்பு முறைமை, அதாவது இன்னொரு கோப்பு முறைமையின்மேல் அமர்ந்து இயங்கும் முறைமை, எழுதுவது பற்றி அனுப்பப்பட்ட கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன். டாக்கரை (நிரல்களைக் கன்டெய்னர்கள் என்ற தனித்தனிச் சூழல்களில் ஓட்டும் கருவி) நிறுவுவது, ஃபியூஸில் (கெர்னலுக்கு வெளியே கோப்பு முறைமை எழுதும் வசதி) பைத்தான் நிரல் எழுதுவது ஆகியவை இந்த அமர்வில் இல்லை. தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை: மேலடுக்கு மவுண்ட் ஆகி (அடைவு மரத்தில் இணைக்கப்பட்டு) இருக்கும்போது கீழடுக்கில் நேரடியாக எதையும் மாற்றாதீர்கள். இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும் என்பது கேள்விகளைப் படித்ததிலேயே தெரிகிறது.

கேள்வி (முதுநிலை மாணவர்): ஐயா, சாதாரணக் கோப்பு முறைமைக்கும் அடுக்கு முறைமைக்கும் கெர்னலுக்குள் அடிப்படை வேறுபாடு என்ன? எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: எக்ஸ்டி4 போன்ற முறைமைக்குக் கீழே வட்டு இருக்கிறது, வட்டு தானாக எதையும் மாற்றுவதில்லை. அடுக்கு முறைமைக்குக் கீழே இருப்பதோ தனக்கென்று ஐநோடுகளும் (கோப்பின் விவரப் பதிவுகள்) டென்ட்ரிகளும் (பெயரை ஐநோடோடு இணைப்பவை) லாக்குகளும் (ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டுகள்) வைத்துக்கொண்டு, நம்மைக் கேட்காமலேயே இயங்கக்கூடிய இன்னொரு கோப்பு முறைமை. விஎஃப்எஸ் (எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொது வாயிலான கெர்னல் பகுதி) நம்மைச் சாதாரணக் கோப்பு முறைமையாகப் பார்க்கிறது. நாமோ கீழே உள்ளதன்முன் விஎஃப்எஸ்ஸாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்த இரட்டை வேடத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் அதன் விளைவுகளே.

கருத்து பழையது. சன் நிறுவனத்தின் வினோடு இடைமுகத்தை (யூனிக்ஸில் விஎஃப்எஸ் போன்றது) அடுக்கக்கூடியதாக மாற்றும் முயற்சியை டேவிட் ரோசந்தால் 1990இல் எழுதினார். ஜான் ஹைடமனும் ஜெரால்டு போபெக்கும் யுசிஎல்ஏவில் அதை முழு வடிவமைப்பாக வளர்த்து 1994இல் வெளியிட்டார்கள், 4.4பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையில் வந்த நல்எஃப்எஸ் அந்தப் பரம்பரை. லினக்ஸுக்கு ஈரெஸ் ஸாடோக்கின் குழு எழுதிய ரேப்எஃப்எஸ் என்ற மாதிரி அடுக்கு இருக்கிறது. அது மூலக் கெர்னலில் சேர்க்கப்படவில்லை என்றாலும் படித்துப் பார்ப்பதற்கு அதைவிடத் தெளிவான நிரல் கிடையாது. அதில் ஒவ்வொரு மேல் பொருளும் தன் கீழ்ப் பொருளைச் சுட்டுகிறது: சூப்பர்பிளாக் (முழு முறைமையின் விவரப் பதிவு) கீழ் சூப்பர்பிளாக்கையும், ஐநோடு கீழ் ஐநோடையும், டென்ட்ரி கீழ்ப் பாதையையும், திறந்த கோப்பு கீழ்க் கோப்பையும் வைத்திருக்கின்றன. டென்ட்ரி மட்டும் கீழ் டென்ட்ரியோடு நிற்காமல் மவுண்ட்டையும் சேர்த்து வைத்திருப்பது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்; கோப்பைத் திறப்பதற்கு டென்ட்ரி மட்டும் போதாது.

கேள்வி: என் அடுக்கின் வழியாக எழுதிய கோப்பை ls பட்டியலிட்டால் அளவு 0 என்று வருகிறது. கீழே பார்த்தால் தரவு சரியாக இருக்கிறது.

பதில்: எழுதும் வேலையைக் கீழே ஒப்படைத்துவிட்டு, அளவை மேலே கொண்டுவர மறந்துவிட்டீர்கள். கீழ் ஐநோடில் அளவு மாறியது. ஸ்டாட் (கோப்பின் விவரம் கேட்கும்) அழைப்புக்கு விடை சொல்வதோ மேல் ஐநோடு. கெர்னல் மூலநிரலின் எஃப்எஸ் அடைவில் ஸ்டேக்.சி என்ற சிறிய கோப்பு இருக்கிறது. அளவை நகலெடுக்க ஒன்று, உரிமையாளர், அனுமதி, நேரங்கள், இணைப்பு எண்ணிக்கை ஆகியவற்றை நகலெடுக்க இன்னொன்று என இதற்காகவே செயல்கூறுகள் அதில் உள்ளன. எழுதுதல், துண்டித்தல், இணைத்தல், அழித்தல் என ஒவ்வொன்றுக்குப் பிறகும் அழையுங்கள். அழிக்கும்போது பெற்றோர் அடைவின் நேரமும் மாறும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: என் அடுக்கில் ஒரே கோப்பின் இரண்டு ஹார்டு லிங்க்குகள் (ஒரே கோப்புக்கான இரு பெயர்கள்) இரண்டு தனிக் கோப்புகளாக நடந்துகொள்கின்றன.

பதில்: தேடல் நடக்கும் ஒவ்வொரு முறையும் புதிய ஐநோடு உருவாக்குகிறீர்கள். கீழ் ஐநோடின் முகவரியையே அடையாளமாகக் கொண்டு, ஏற்கெனவே மேல் ஐநோடு இருக்கிறதா என்று ஹாஷ் அட்டவணையில் முதலில் பாருங்கள். ரேப்எஃப்எஸ் செய்வது அதைத்தான்.

கேள்வி: கீழ் அடைவில் ஒரு கோப்பை நேரடியாகத் திருத்தினேன். மேலே பழைய உள்ளடக்கமே தெரிகிறது. இது பிழையா?

பதில்: முதல் பத்தியைப் படியுங்கள். கீழடுக்கைத் தொடாமல் மாற்றங்களை மேலடுக்கில் எழுதும் லினக்ஸ் முறைமையான ஓவர்லேஎஃப்எஸ்ஸின் ஆவணமே இதன் விளைவு வரையறுக்கப்படாதது என்கிறது. கெர்னல் விழாது, முட்டி நிற்காது என்ற உறுதி மட்டும்தான் உண்டு.

கேள்வி (சேமிப்பகத் துறையில் இருப்பவர்): கோப்புகளை மறைகுறியாக்கும் இகிரிப்ட்எஃப்எஸ் தனக்கென்று பேஜ் கேஷ் (கோப்பின் தரவை நினைவகத்தில் பக்கங்களாக வைக்கும் இடம்) வைத்திருக்கிறது, ஓவர்லேஎஃப்எஸ் வைத்திருப்பதில்லை. எது சரியான வழி?

பதில்: நல்ல கேள்வி, விரிவாகச் சொல்லலாம். இகிரிப்ட்எஃப்எஸ்ஸில் மேல் பக்கத்தில் இருப்பது வெற்றுரை, கீழ்ப் பக்கத்தில் இருப்பது மறையுரை. கீழ்க் கோப்பின் தொடக்கத்தில் தலைப்புப் பகுதியும் சேர்வதால் மேலே உள்ள ஆஃப்செட்டும் கீழே உள்ளதும் ஒன்றல்ல. எனவே இரண்டு பக்கங்களையும் தனித்தனியாக வைத்தே ஆக வேண்டும். விலை, ஒரே கோப்புக்கு இரு மடங்கு நினைவகம். கூடவே எந்தப் பிரதி புதியது என்ற தீராத தொல்லை. ஹைடமனும் போபெக்கும் கேஷ் ஒத்திசைவை மட்டும் தனிக் கட்டுரையாக 1995இல் எழுதியது சும்மா இல்லை.

ஓவர்லேஎஃப்எஸ் தரவை உருமாற்றுவதில்லை. அதனால் படிப்பதையும் எழுதுவதையும் உண்மைக் கோப்புக்கே அனுப்பிவிடுகிறது. எம்மேப் (கோப்பை நேராக நினைவகத்தோடு இணைப்பது) கேட்டாலும் உண்மைக் கோப்பையே இணைத்துக் கொடுக்கிறது. பேஜ் கேஷ் கீழே ஒன்றுதான். பத்து கன்டெய்னர்கள் ஒரே லைப்ரரியைப் படித்தாலும் நினைவகத்தில் ஒரு பிரதிதான் இருக்கும். ஆகவே விதி எளிது: பைட்டுகளை மாற்றாத அடுக்கு, பக்கங்களை வைத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கும் ஒரு விலை உண்டு. கீழடுக்கில் மட்டும் இருக்கும் கோப்பை ஒருவர் படிப்பதற்காகத் திறந்து வைத்திருக்கும்போது இன்னொருவர் எழுதத் திறந்தால், கோப்பு மேலே நகலெடுக்கப்படும். முதலாமவர் கையில் இருப்பது பழைய கோப்பு. கெர்னல் 4.19 பதிப்பு வரும் வரை அவர் பழைய தரவையே படித்துக்கொண்டிருந்தார். அதன்பின் ஒவ்வொரு படிப்பின்போதும் உண்மைக் கோப்பு எது என்று பார்த்துக்கொள்கிறார்கள். எம்மேப் செய்து வைத்திருப்பவருக்கு அந்த உதவியும் இல்லை.

கேள்வி: ஓவர்லேஎஃப்எஸ்ஸின் ஒர்க்டிர் (தற்காலிக வேலை அடைவு) எதற்கு? அது ஏன் மேலடுக்கின் அதே கோப்பு முறைமையில் இருக்க வேண்டும்?

பதில்: பாதி நகலெடுக்கப்பட்ட கோப்பு மேலடுக்கில் யார் கண்ணிலும் படக் கூடாது. எனவே ஒர்க்டிரில் முழுதாகத் தயாரித்து, ரீநேம் மூலம் ஒரே அடியில் நகர்த்துகிறார்கள். கோப்பு முறைமை தாண்டி ரீநேம் செய்ய முடியாது.

கேள்வி: கீழே இருக்கும் கோப்பை மேலே அழித்தால் அது எங்கே போகிறது?

பதில்: எங்கும் போவதில்லை. அதே பெயரில் 0/0 எண்ணுள்ள கேரக்டர் டிவைஸ் (ஒரு வகைச் சாதனக் கோப்பு) ஒன்று மேலடுக்கில் வைக்கப்படுகிறது. அதைக் கண்டால் ஓவர்லேஎஃப்எஸ் அந்தப் பெயரே இல்லை என்கிறது. அடைவை அழித்துவிட்டு அதே பெயரில் மீண்டும் உருவாக்கினால், கீழே பார்க்காதே என்ற குறிப்பு அதன் நீட்டிப்புப் பண்பில் எழுதப்படும்.

கேள்வி (முன்பு கேஷ் பற்றிக் கேட்டவர்): அடுக்கின் ஆழம் 2 என்று கெர்னல் வைத்திருக்கும் வரம்பு தன்னிச்சையானது. ஓர் எண்ணைத் திருத்தி 6 ஆக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், எதுவும் ஆகவில்லை. டாக்கரே 128 அடுக்குகள் வைக்கிறதே?

பதில்: இரண்டு வேறு பொருள்களைக் குழப்பிவிட்டீர்கள். டாக்கரின் 128 ஒரே மவுண்டுக்குள் பக்கம்பக்கமாக நிற்கும் கீழடுக்குகள். அவை எத்தனை இருந்தாலும் ஆழம் ஒன்றுதான் கூடும். ஆழம் என்பது ஒரு கோப்பு முறைமை இன்னொன்றை அழைக்க, அது மற்றொன்றை அழைக்கும் சங்கிலியின் நீளம். எக்ஸ்டி4க்கு 0, அதன்மேல் ஓவர்லேஎஃப்எஸ் 1, அதையும் கீழடுக்காகக் கொண்ட இன்னொன்று 2. அதற்கு மேல் மவுண்ட் மறுக்கப்படும். ஒவ்வொரு அழைப்பும் கெர்னல் ஸ்டேக்கை (செயல்கூறு அழைப்புகளுக்கான சிறு நினைவகம்) தின்கிறது. எக்ஸ்86-64இல் அது 16 கிலோபைட், 2014க்கு முன் 8. அடியில் எக்ஸ்டி4, அதன் கீழே டிவைஸ் மேப்பர் (வட்டுகளின்மேல் மெய்நிகர் வட்டுகளை அமைக்கும் கெர்னல் பகுதி), நடுவில் நினைவகம் போதாமல் மீட்பு வேலை தொடங்கினால் அதுவும் அதே ஸ்டேக்கில்தான். உங்கள் கணினியில் இன்று நினைவகத் தட்டுப்பாடு இல்லை, அதனால்தான் ஓடுகிறது.

கேள்வி (அவரே): கெர்னல் 4.9இலிருந்து ஸ்டேக்கின் அடியில் காவல் பக்கம் இருக்கிறது. வழிந்தால் பிடிபடும். பிறகென்ன பயம்?

பதில்: பிடிபடும் என்பதன் பொருள், பக்கத்து நினைவகம் சத்தமில்லாமல் கெடுவதற்குப் பதிலாகக் கெர்னல் அலறிக்கொண்டு விழும் என்பது. பாதுகாப்பு நோக்கில் முன்னேற்றம்தான். எழுதிக்கொண்டிருந்த கோப்பின் சொந்தக்காரருக்கு அது ஆறுதல் ஆகாது.

கேள்வி (வேறொருவர்): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2016இல் இகிரிப்ட்எஃப்எஸ்ஸில் ஸ்டேக் வழிந்த ஓட்டையில் ஆழம் 1தானே இருந்தது? வரம்பு எதைத் தடுத்தது?

பதில்: சரியான இடத்தில் குத்தியிருக்கிறீர்கள். பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு காட்டிய அந்த வழியில் இகிரிப்ட்எஃப்எஸ் புரோக்எஃப்எஸ்ஸின்மேல் (புராசஸ்களின் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் முறைமை) அமர்த்தப்பட்டது. ஒரு புராசஸின் (ஓடும் நிரலின்) சூழல் மாறிகளைக் காட்டும் என்விரான் கோப்பைப் படித்தால் கெர்னல் அந்தப் புராசஸின் நினைவகத்தைப் படிக்க வேண்டும். அந்த நினைவகமோ இகிரிப்ட்எஃப்எஸ் வழியே இன்னொரு புராசஸின் என்விரான் கோப்பிலிருந்து எம்மேப் செய்யப்பட்டது. பேஜ் ஃபால்ட்டுக்குள் (நினைவகத்தில் இல்லாத பக்கத்தைக் கொண்டுவரும் வேலை) பேஜ் ஃபால்ட் என்று சங்கிலி நீண்டுகொண்டே போனது. மவுண்ட்டின்போது எண்ணப்படும் ஆழத்துக்கு இந்தச் சுழல் தெரியாது. திருத்தத்தில் செய்தவற்றுள் ஒன்று, புரோக்எஃப்எஸ் தன் ஆழத்தை உச்ச வரம்பாகவே அறிவித்துக்கொண்டது. அதன்மேல் இனி எதையும் அடுக்க முடியாது. ஆக, வரம்பு போதாது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அதனால் வரம்பே வேண்டாம் என்று அந்த நண்பர் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்துவோம்; கேள்விகள் தேங்கிவிட்டன.

கேள்வி: கீழடுக்கை ரீட்-ஒன்லியாக இல்லாமல் வைத்து, ஆர்சிங்க் (கோப்புகளை ஒத்திசைக்கும் கருவி) மூலம் புதுப்பிக்கலாமா?

பதில்: மவுண்ட்டைக் கழற்றிவிட்டுப் புதுப்பியுங்கள்.

கேள்வி: கீழடுக்கில் ஒரே ஒரு சிறிய கோப்பை மட்டும்...

பதில்: வேண்டாம்.

கேள்வி: டாக்கருக்குள் டாக்கர் ஓட்டினால் அப்பர்டிர் (மேலடுக்கு அடைவு) ஏற்கப்படவில்லை என்று வருகிறது.

பதில்: ஓவர்லேஎஃப்எஸ்ஸின்மேல் இன்னொரு ஓவர்லேஎஃப்எஸ்ஸின் மேலடுக்கை வைக்க முடியாது. உள் டாக்கரின் தரவு அடைவுக்குத் தனி வால்யூம் கொடுங்கள். மற்றதை டாக்கர் அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பெயர் மாற்றும்போது லாக் வரிசையை எப்படிக் காப்பது? லாக்டெப் (லாக் வரிசைப் பிழைகளைக் கண்டறியும் கெர்னல் கருவி) எச்சரிக்கை கொட்டுகிறது.

பதில்: எப்போதும் மேலிருந்து கீழ். மேல் அடைவின் லாக்கை விஎஃப்எஸ் எடுத்துத் தந்திருக்கும். அதன்பின் கீழ் அடைவின் லாக்கை நீங்கள் எடுக்கிறீர்கள். எடுத்த கையோடு, கீழ் டென்ட்ரியின் பெற்றோர் நீங்கள் நினைத்த அதே அடைவுதானா என்று பாருங்கள். நீங்கள் லாக்குக்குக் காத்திருந்த இடைவெளியில் யாரோ கீழே நேரடியாக நகர்த்தியிருக்கலாம். பயனரைத் தொடாதே என்று எச்சரிக்கலாம். தொடமாட்டார் என்று நம்பி நிரல் எழுதக் கூடாது. ஒரே வகை முறைமையைத் தன்மேலேயே அடுக்கினால் இரண்டு லாக்குகளும் ஒரே வகுப்பு என்று லாக்டெப் எண்ணிக்கொள்ளும். ஆழத்துக்கு ஒரு வகுப்பு என்று ஓவர்லேஎஃப்எஸ் பிரித்துக் காட்டுவதைப் பாருங்கள்.

கேள்வி: எழுதி முடித்த அடுக்கைச் சோதிக்க என்ன வழி?

பதில்: கோப்பு முறைமைகளைச் சோதிக்கும் எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பு. அதில் ஓவர்லேஎஃப்எஸ்ஸுக்கென்றே ஒரு விருப்பத்தேர்வு உண்டு. உங்கள் அடுக்குக்கும் அதைப் பார்த்து அமைத்துக்கொள்ளலாம். லாக்டெப்பும் கேஏசானும் (நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கருவி) இயக்கிய கெர்னலில், நினைவகம் குறைத்த மெய்நிகர் கணினியில் ஓட்டுங்கள். முடிந்ததும் மேலடுக்கையும் கீழடுக்கையும் கழற்றிப் பாருங்கள். கீழே பிசி (இன்னும் பயன்பாட்டில் உள்ளது) என்று வந்தால், பிடித்த பாதை ஒன்றை எங்கோ விடாமல் வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் தேடல் தோல்வியடையும் வழியில்.