எத்தனை தடவை 'புரிந்தது' என்றீர்கள்?

கேள்வி: டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில், இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. பயிற்சி என்று இரண்டு நாள் ஒரு அக்காவின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் அவர் லீவில் போய்விட்டார்; அவருடைய ஃபைல்கள் என் மேசைக்கு வந்துவிட்டன. கேட்டால் தெரியாதவள் என்று நினைப்பார்களே என்று எல்லாவற்றுக்கும் 'புரிந்தது' என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு இறக்குமதி எஸ்டிமேட்டில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) தொகையைக் குறைத்துப் போட்டுவிட்டேன். மேனேஜர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அத்தை சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை இது. எனக்கு மூளை போதாதோ? விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: விடாதீர்கள் அம்மா. மூளையைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு விடை அந்த வாட் கணக்கிலேயே இருக்கிறது.

ஒரு லட்சம் ராண்டுச் சரக்கு, சுங்கவரி 20 சதவீதம் என்று வையுங்கள். வரி 20,000. இரண்டையும் கூட்டி 1,20,000-க்கு 15 சதவீதம் போட்டால் வாட் 18,000. கணக்குத் தெரிந்த எவரும் இப்படித்தான் போடுவார்கள். ஆனால் நம் நாட்டுச் சட்டம், சுங்க மதிப்பில், அதாவது அந்த ஒரு லட்சத்தில், 10 சதவீதத்தையும் மேலே சேர்த்த பிறகே வாட் போடச் சொல்கிறது. அப்போது 1,30,000-க்கு 19,500. வித்தியாசம் 1,500 ராண்டு. அதே சரக்கு போட்ஸ்வானாவிலோ நமீபியாவிலோ உற்பத்தியானது என்றால் அந்தப் 10 சதவீதம் கிடையாது. இதை எந்த மூளை தானாக யோசித்துக் கண்டுபிடிக்கும்? யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். நீங்கள் சறுக்கியதும் இந்த இடமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் அம்மா டர்பனில் ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு தையல் ஆலையில் சேர்ந்தபோது, முதல் இரண்டு வாரம் மிஷினில் உட்காரவே விடவில்லையாம். ஒரு மூத்த பெண்மணியின் அருகில் நின்று நூல் வெட்டுவது, காலரை அடுக்குவது, பார்ப்பது. பிறகு கிழிசல் துணியில் தையல். அதற்கும் பிறகுதான் விற்பனைத் துணி. முதலாளி தர்மவான் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. கெட்டுப்போகும் துணிக்குக் காசு போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். உங்கள் மேனேஜருக்கு அந்தக் கணக்குக்கூடத் தெரியவில்லை என்பது எனக்குக் கோபமூட்டுகிறது. சொல்லித்தராமல் ஃபைலை நீட்டியவர், தப்பு வந்ததும் சபையில் வைத்துச் சத்தம் போட்டது அநியாயம்.

பயிற்சி அவர் போடும் பிச்சை இல்லை. ஆண்டுக்கு 5 லட்சம் ராண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள், அதில் 1 சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுகின்றன. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பயிற்சித் திட்டம் எழுதிக் கொடுத்தால் அதில் ஒரு பங்கு திரும்பியும் வரும். உங்கள் தொழிலுக்கு அதைக் கவனிப்பது டீட்டா (TETA) என்ற போக்குவரத்துத் துறைப் பயிற்சி அமைப்பு. சோதனைக் காலத்தில் இருப்பவருக்கு வேண்டிய வழிகாட்டலும் பயிற்சியும் தர வேண்டும் என்று பணிநீக்கம் பற்றிய நடத்தை விதிகளும் சொல்கின்றன. இதையெல்லாம் நாளைக்கே போய் மேனேஜர் முகத்தில் வீசச் சொல்லவில்லை. கேட்கும்போது கூனிக் குறுகாமல் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி உங்கள் பக்கம். ஆறு வாரத்தில் எத்தனை தடவை 'புரிந்தது' என்றீர்கள்? அந்தச் சொல்தான் உங்களுக்கு எதிரி. புரியாததைப் புரிந்தது என்றால், சொல்லிக்கொடுக்க மனமுள்ளவரும் எழுந்து போய்விடுவார். அத்தையின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் வேறு உங்கள் வாயைக் கட்டுகிறது. நீங்கள் கேள்வி கேட்பதால் அத்தைக்கு என்ன குறை வந்துவிடும்? தப்பான எஸ்டிமேட் நாலு போனால்தான் வரும்.

திங்கட்கிழமை மேனேஜருக்கு ஒரு இமெயில் எழுதுங்கள். மன்னிப்பும் வேண்டாம், புகாரும் வேண்டாம். எனக்கு இன்னும் காட்டித்தராத வேலைகள் இவை என்று மூன்றைப் பெயர் சொல்லி எழுதி, ஒவ்வொன்றுக்கும் யாருடன் எந்த நாள் அரை மணி நேரம் உட்காரலாம் என்று கேளுங்கள். பொதுவாக 'பயிற்சி வேண்டும்' என்று எழுதினால் 'பார்க்கலாம்' என்றுதான் பதில் வரும். எழுத்தில் இருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு: நாளைக்கு 'இவளுக்கு வேலை வரவில்லை' என்று யாராவது சொன்னால், கேட்டதற்குச் சாட்சி இருக்கும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். முடிந்துபோன பத்து ஃபைல்களைப் பார்க்க அனுமதி கேளுங்கள். வரித் தொகையை ஒரு தாளால் மறைத்துவிட்டு, இன்வாய்ஸை மட்டும் பார்த்து நீங்களே டாரிஃப் கோடு (எந்தச் சரக்குக்கு எவ்வளவு வரி என்று பார்க்க உதவும் எண்) தேடி, வரி போட்டு, வாட் போடுங்கள். பிறகு தாளை எடுங்கள். டாரிஃப் புத்தகம் நம் வரித்துறையான சார்ஸின் (SARS) இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தக் கோடின் எட்டு இலக்கத்தில் முதல் ஆறு உலகமெங்கும் ஒன்றுதான். கடைசி இரண்டில்தான் நம் பக்கத்துப் பிரிவுகள் வருகின்றன, அங்கே நிதானமாகப் பாருங்கள். விடை ஒத்துவராத ஃபைல்களைத் தனியே எடுத்து வையுங்கள். லீவில் போன அந்த அக்கா திரும்பி வந்ததும் அவரிடம் முதலில் கொண்டுபோக வேண்டியவை அவைதான்.