வயக்காட்டில் நிற்கவா படிக்க வைத்தேன்?

ஆச்சி, மகளை வேளாண்மை படிக்க வைக்கலாமே என்று நான் சொன்னதற்கு நேற்று நீங்கள் கேட்டது அதுதான். மகள் பதில் பேசவில்லை. ஆனால் நீங்கள் வெளியே நின்று போன் பேசிக்கொண்டிருந்தபோது என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "சார், கவுனரிசி மட்டும் ஏன் இந்த விலை?" என்ன படிக்கலாம் என்று என்னிடம் கேட்டு வரும் பிளஸ் டூ பிள்ளைகள், சம்பளம் எவ்வளவு வரும் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கறுப்பரிசியின் விலைக்குக் காரணம் கேட்டவள் இவள் ஒருத்திதான்.

விசேஷத்துக்கு முந்தின ராத்திரி கவுனரிசியை ஊறப்போட்டால் விடியும்போது தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி ஆகியிருக்கும், உங்களுக்குத் தெரியும். அந்த நெல் உயரமாக வளரும், காற்றடித்தால் சாய்ந்துவிடும், குறிப்பிட்ட பருவத்தில்தான் பூக்கும், விளைச்சலும் குறைவு. விலை ஏறாமல் என்ன செய்யும்? கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2023இல் கோ 57 என்று ஒரு ரகம் வெளியிட்டது. அதுவும் கறுப்பரிசிதான். 130, 135 நாளில் அறுவடை, எந்தப் பருவத்திலும் போடலாம், விளைச்சலும் கூடுதல்.

ஒரு புது நெல் ரகம் எப்படி வருகிறது தெரியுமா? நெல் பூவுக்குள் நூல் மாதிரி ஆறு மகரந்தத் தாள்கள் இருக்கும். அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தூவி, காகித உறை போட்டு மூட வேண்டும். அதில் விளைந்த விதையை விதைத்து, தேறியதை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி விதைத்து, இப்படிப் பல தலைமுறை. நம் வீட்டுப் பெண்கள் ஓலைக் கொட்டான் பின்னும் பொறுமை இதற்கு வேண்டும்.

2024இல் உலகத்தில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்ததாக ஐ.நா. கணக்கு. அவர்களில் நிறையப் பேருக்கு ஒரு வெள்ளம் வந்தாலே அந்த வருஷச் சாப்பாடு போய்விடும். ஒடிசாவில் வெள்ளம் தாங்கும் பழைய நெல் ஒன்று இருந்தது. அந்தக் குணம் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று 1996இல் தெரிந்தது. எந்த மரபணு என்பது 2006இல். 2009இல் ஸ்வர்ணா சப்-1 என்ற ரகமாக இந்தியாவில் வெளியானது. சுமார் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் மீண்டும் தலைதூக்கும் பயிர் அது. பதின்மூன்று வருஷம் ஆனது என்பதையும் கவனியுங்கள்.

அதனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வேளாண் ஆராய்ச்சி சீக்கிரம் சம்பாதிக்கிற வழி இல்லை. இளநிலை நாலு வருஷம், முதுநிலை இரண்டு, பி.எச்டி. மூன்று நாலு. அவளுக்கு இருபத்தேழு வயது ஆகிவிடும். கல்யாணப் பேச்சு நடுவில் வரும், அதை இப்போதே வீட்டில் பேசிவைத்துவிடுங்கள். ஆனால் பத்து வருஷம் முழுக்க உங்கள் கையையே எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. பி.எச்டி.க்குத் தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி.

இளநிலை வேளாண்மையில் சேர்வதற்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். 2022 முதல் செட்டிநாட்டிலேயே அரசு வேளாண் கல்லூரி இருக்கிறது. இடம் கிடைப்பது கலந்தாய்வைப் பொறுத்தது. தனியார் கல்லூரி என்றால் அங்கீகாரத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். வெயில் ஒத்துவராது என்றால் தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கலாம். அறுத்த தானியத்தை வண்டு தின்னாமல் காப்பதும் பசிக்கு மருந்துதான்.

அப்புறம் ஆச்சி, ஆராய்ச்சி நம்மூருக்குப் புதுசா என்ன? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்துத்தானே சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது!

செட்டிநாட்டில் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு நாள் அவளைக் கூட்டிப்போங்கள். காலையில் வேண்டாம், பதினொரு மணி வெயிலில் போங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் அங்கே உள்ளவர்களைக் கேள்வி கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தால், அடுத்த நாளே இரண்டு பேரும் வாருங்கள், விண்ணப்பத்தை இங்கே உட்கார்ந்தே நிரப்பிவிடலாம்.