ஒரு வயது முதல் இரண்டு வயது வரை உங்கள் குழந்தையோடு என்னென்ன செய்தீர்கள்? மாதாமாதம் வரும் விளையாட்டுப் பெட்டி, வளர்ச்சி அட்டவணை எல்லாம் தேவையா?

பெட்டி எங்களுக்குத் தேவைப்படவில்லை. அட்டவணையை அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். எப்படி ஓடியது என்று கேட்டால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

நாங்கள் இருப்பது இலஞ்சியில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் ஓமனில் வேலை செய்கிறார். மகள் பிறந்தது பங்குனியில். ஓராண்டு மகப்பேறு விடுப்பு முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பியதும் பகல் முழுக்க அவள் ஆச்சியின் பொறுப்பு. ஆச்சி என்றால் என் மாமியார். மார்ச், ஏப்ரல் என்பதெல்லாம் அவருக்குக் காலண்டரில் அச்சடித்திருக்கும் ஏதோ சங்கதி. கணக்கு முழுக்கத் தமிழ் மாதத்தில்தான். "பிள்ளை எப்போ நடந்தா?" என்று டாக்டர் கேட்டால் "வைகாசி விசாகம் கழிஞ்சு" என்பார். டாக்டர் மனக்கணக்குப் போட்டுப் பதினாலு மாதம் என்று எழுதிக்கொள்வார். அந்தந்த மாதம் வாசலில் என்ன இருந்ததோ அதுதான் அவளுக்கு விளையாட்டுப் பொருளாகவும் இருந்தது. அதனால் நானும் ஆச்சி கணக்கிலேயே சொல்கிறேன்.

முதல் பிறந்தநாளை ஒட்டி பங்குனி உத்திரம் வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள். எந்த ஊரில் இருந்தாலும் வந்துவிடுவார்கள். அங்கேயே மொட்டை, காதுகுத்து. என் தம்பி மடியில் உட்காரவைத்தோம். கத்திக்கு அவள் அழவில்லை, தலையில் தண்ணீர் தெளித்ததற்குத்தான் ஊரைக் கூட்டினாள். காது குத்தியபோது அழுதது என் தம்பி. மொட்டையில் சந்தனம் பூசியதும் கை அங்கேயே போய்க்கொண்டிருந்தது. "தலை எங்கே?" என்று யார் கேட்டாலும் தொட்டுக் காட்டினாள். மூக்கு, கண் எல்லாம் பிறகு வந்தவை. அவளுக்கு முதலில் தெரிந்த உறுப்பு தலைதான். படம் போட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் அதுவரை பட்ட பாடு வேறு கதை.

சித்திரை வெயிலில் எங்கேயும் போகவில்லை. காலை எட்டு மணிக்கு முன்னால், மாலை ஐந்துக்குப் பின்னால், இரண்டு வேளைதான் வாசல். அந்த மாதத்தின் பெரிய விஷயம் நுங்கு. சுளை எடுத்த இரண்டு கூந்தலை, அதாவது வெறும் நுங்குக் காய்களை, குச்சியில் கோத்து, கவைக் கம்பால் தள்ளிக்கொண்டு போகும் நுங்கு வண்டியை விடுமுறைக்கு வந்த நாத்தனார் பையன் செய்தான். இவள் அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தவள். வண்டி உருளும்போது சுவரை விட்டுவிட்டு நிற்க ஆரம்பித்தாள். எதைப் பிடிக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது போலிருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையை நடுவில் உட்காரவைக்கிற, சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வாக்கரை ஆளாளுக்கு வாங்கித் தர வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை. படியில் உருண்டு விழும் விபத்துகள்தான் அதிகம். கனடாவில் 2004லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். பின்னால் நின்று தள்ளுகிற நம் ஊர் மர நடைவண்டி வேறு வகை, பக்கத்தில் ஆள் இருந்தால் பரவாயில்லை.

முதல் நடையைப் பார்த்தது நானும் இல்லை, ஆச்சியும் இல்லை. பால் ஊற்ற வந்த அண்ணாச்சி. ஆச்சி உள்ளே செம்பு எடுக்கப் போயிருக்கிறார், இவள் திண்ணையிலிருந்து அவர் சைக்கிள் வரைக்கும் நடந்துவிட்டாள். "ஏ ஆச்சி, பிள்ளை நடக்குல்லா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். வருத்தமா என்றால், இல்லை. மறுநாளும் நடந்தாள், அதற்கு மறுநாளும் நடந்தாள். முதல் தடவையைப் போனில் பிடிக்கக் காத்திருக்கிற பெற்றோருக்கு இது ஒரு செய்தியாக இருக்கட்டும்.

பத்து மாதத்தில் நடந்த பிள்ளைகளின் தாய்மார்கள் சொல்வதைக் கேட்டுப் பதற வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோல் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைப் பார்த்துச் செய்தது. அதன்படி துணையில்லாமல் நடக்கிற வயது சுமார் 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை விரிந்து கிடக்கிறது. கை, முழங்காலால் தவழாமலேயே நடந்துவிட்ட பிள்ளைகளும் அதில் நூற்றுக்கு நாலு பேர் இருந்தார்கள். 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் போட்டி எதற்கு?

ஆனியில் குற்றால அருவிகளின் சீசன் தொடங்கியது. ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கும்போது எங்கள் ஊரே வேறாகிவிடும். துணி காயாது, அது ஒரு தொல்லை. ஆனால் வெயில் இல்லாமல் நாள் முழுக்க வெளியே இருக்கலாம். புதிதாக நடக்கக் கற்ற பிள்ளைக்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. தென்காசி காசி விசுவநாதர் கோயில் வாசலில் காற்று ஆளைத் தள்ளும், தெரியுமில்லையா? அங்கே இறக்கிவிட்டோம். ஒரு எட்டு வைப்பாள், காற்று தள்ளும், உட்கார்ந்துவிடுவாள், சிரிப்பாள், மறுபடி எழுவாள். சாமி கும்பிட வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். கீழே விழாமல் காலை அகட்டி நிற்க அன்றைக்குக் கற்றுக்கொண்டாள் என்பது ஆச்சியின் கட்சி.

பேரருவிக்கோ ஐந்தருவிக்கோ இந்த வயதில் கூட்டிப்போய்த் தண்ணீருக்குக் கீழே நிறுத்தாதீர்கள். கூட்டம், வழுக்கல், அருவியின் வேகம் எதுவும் குழந்தைக்கு ஆகாது. புலியருவி சின்னது. அதிலும் ஓரமாக ஓடும் தண்ணீரில்தான் உட்காரவைத்தோம். முதலில் என் கழுத்தை விடவே இல்லை. கொஞ்சம் கழித்துக் கால்விரல், அப்புறம் பாதம், அப்புறம் அங்கிருந்து கிளப்புவதுதான் பெரும்பாடு. திரும்பும்போது ஒரு குரங்கு யார் கையிலிருந்தோ பழப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. இவள் விரலை நீட்டிக் குரங்கைக் காட்டினாள், உடனே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி குரங்கு. சாதாரண விஷயமாகத்தான் எனக்குப் பட்டது. அடுத்த முறை டாக்டரிடம் சொன்னபோது அவர் நடையைவிட இதைத்தான் கவனமாகக் கேட்டார். தான் பார்ப்பதை நீயும் பார் என்று குழந்தை கூப்பிடுவது பேச்சுக்கும் பழகுவதற்கும் அடிப்படையாம். 18 மாதம் ஆகியும் விரல் நீட்டிக் காட்டவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காத்திருக்காமல் காட்டுங்கள் என்றார்.

சீசன் என்றால் ரம்புட்டானும் மங்குஸ்தானும் சாலையோரம் குவிந்திருக்கும். ரம்புட்டானை உரித்து முழுசாகக் குழந்தை வாயில் போடுகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். வழுக்கிக்கொண்டு போய்த் தொண்டையை அடைத்துவிடும். கொட்டையிலிருந்து சதையைப் பிய்த்துத் துணுக்காகக் கொடுங்கள். திராட்சையும் அப்படித்தான், நீளவாக்கில் நறுக்கித்தான் தர வேண்டும்.

ஆடியில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலுக்கும் போனோம். எல்லோரும் போட்டோ எடுக்கிறார்களே என்று போனதுதான். பிள்ளைக்குப் பூவைப் பற்றி ஒரு கருத்தும் இல்லை. வரப்பில் ஊர்ந்த மரவட்டையைப் பார்த்தபடி குந்தியிருந்தாள். குந்தி உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருக்கிறாள் என்பதை அங்கேதான் கவனித்தேன். அந்த மாதம்தான் ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் 16 மாதத்துக்கு மேல் போடுகிற தடுப்பூசிகளும் போட்டோம்: முத்தடுப்பு பூஸ்டர், தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது தவணை, போலியோ சொட்டு மருந்து. இரவு காய்ச்சல் வந்தது, தொடை வீங்கியது, மறுநாள் நடக்க மறுத்தாள். அதற்கு அடுத்த நாள் ஓடினாள்.

ஐப்பசியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. அதுவரை அவளுக்கு அப்பா என்றால் போன். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது; வெளியூரில் இருக்கும் சொந்தங்களோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு. எங்கள் வீட்டில் அந்த விலக்கு தினமும் இரவு நடந்தது. போனுக்கு முத்தம், போனுக்குச் சோறு ஊட்டல், எல்லாம் உண்டு. தீபாவளிக்கு அவர் வந்து இறங்கினார். அடைமழை. நனைந்துகொண்டே உள்ளே வந்து கையை நீட்டுகிறார், இவள் ஆச்சி சேலைக்குள் போய்விட்டாள். "அப்பா எங்கேட்டி?" என்று ஆச்சி கேட்டார். மேசைமேல் இருந்த போனைக் காட்டினாள். அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை, சிரிப்பும் வந்தது.

அவர் அவசரப்படவில்லை, அதுதான் நல்லதாகப் போயிற்று. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு முறுக்கு தின்றார். மழைக்குத் தாழ்வாரத்தில் வந்த தவளையைக் காட்டினார். மாலையில் மாடிக்குப் போய் அங்கிருந்து போனில் கூப்பிட்டார், பேசிக்கொண்டே படியிறங்கி வந்தார். அவள் போனைப் பார்க்கிறாள், ஆளைப் பார்க்கிறாள். போனை என் கையில் கொடுத்துவிட்டு அவரிடம் நடந்தாள். வெடிச் சத்தம் தொடங்கியதும் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், அப்புறம் அவர் ஊர் திரும்பும்வரை என்னைத் தேடியதாக ஞாபகம் இல்லை. இந்த வயதில் புதியவர்களைக் கண்டு ஒதுங்குவது வளர்ச்சியின் பகுதிதான், பெற்ற தகப்பனே ஆனாலும். "போ, அப்பாகிட்ட போ" என்று திணிக்காமல் இருந்தால் தானே வந்துவிடுவார்கள்.

கார்த்திகைக்கு அவர் இல்லை. ஓலைக் கொழுக்கட்டைக்கு ஆச்சி பனங்குருத்து கிழித்துக்கொண்டிருக்க, நான் வாசலில் விளக்கு ஏற்றினேன். பக்கத்து வீட்டுப் பையனின் பிறந்தநாளில் மெழுகுவத்தி ஊதக் கற்றிருந்தாள் என்பது எனக்கு மறந்துவிட்டது. நான் ஒன்று ஏற்ற, பின்னாலேயே ஒன்று அணைந்தது. காற்று என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கன்னத்தை உப்பிக்கொண்டு அடுத்த விளக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கிறாள். திருக்கார்த்திகை அன்று விளக்கை ஊதி அணைப்பதா என்று ஆச்சி பதறிப்போய்விட்டார். நெருப்பைப் பற்றி அன்றைக்குத்தான் "சூடு" என்று சொல்லிக்கொடுத்தோம். அடுத்து வந்த வாரங்களில் காபி, வெயில்பட்ட கல், இஸ்திரிப் பெட்டி, எங்கள் பூனை, எல்லாமே சூடுதான்.

மார்கழி முழுக்கச் சளி. இந்த வயதில் வருஷத்துக்கு ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது வழக்கம்தான் என்று தெரிந்திருந்தும் ராத்திரியில் அது உதவாது. ஒரு வயது தாண்டியதால் ஆச்சி கொஞ்சம் தேன் கொடுத்தார். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. இருமல் மருந்து மட்டும் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். கடைகளில் சகஜமாகக் கிடைக்கும் ஒரு சளி மருந்துக் கலவையை 4 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று 2023இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. காலையில் பனி விலகியதும் கோலம். இவளுக்கென்று ஆச்சி ஒரு கிண்ணத்தில் அரிசி மாவு தருவார். கடைக் கோலப்பொடி வாய்க்குள் போய்விடும் என்ற பயம். இரண்டு விரலால் மாவைக் கிள்ளி, புள்ளி வைப்பதாக நினைத்து எல்லா இடத்திலும் தூவுவாள். தையில் பள்ளி திறந்த பிறகு பென்சிலைக் கொடுத்தால் அதே விரல் பிடிப்பு வருகிறது. நான் சொல்லித் தரவில்லை.

தையில் பெண்பிள்ளைகளுக்கென்று எங்கள் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் வைப்போம். வாசலில் சின்னதாக மண்வீடு போட்டு, சின்னப் பானையில் பொங்கல். அவள் வயதுக்கு அது சரியான அளவு வீடு. ஆனால் அதில் உட்காரக்கூடாது என்பதைப் புரியவைக்க முடியவில்லை. "ஆச்சி வா", "பொங்கல் இல்ல", "அம்மா போ" என்று இரண்டு இரண்டு சொல்லாகச் சேர்த்தது அந்த நாட்களில்தான். "அம்மா போ" தினமும் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது வரும், அழுகையோடு அல்ல, கையாட்டிக்கொண்டே. இரண்டு வயதை நெருங்கும்போது இப்படிச் சேர்க்க ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் பொதுவான அளவு.

மாசியில் சொல்ல அதிகமில்லை. அடம்பிடித்துத் தரையில் படுப்பது தொடங்கியது, பேருந்து நிலையம் உட்பட. பந்தை உதைக்கிறாள். இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கிக் குதிக்க வரவில்லை, டாக்டர் அதற்கு இன்னும் நேரமிருக்கிறது என்றார்.

கழிப்பறைப் பழக்கம் எப்போது வந்தது என்று கருத்துப் பகுதியில் யாராவது கேட்பீர்கள். ஆச்சியிடம் கேட்டால் "சித்திரைக்குள்ள சரியாயிடும்" என்கிறார். எந்தச் சித்திரை என்று சொல்லவில்லை.